கண்மை மீசை

தொடக்கூடாது. மேலுதட்டின் பக்கம் கை போகவே கூடாது என்று, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து மாசிலாமணி தன் வலது கையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னால் கேட்கிற கையா அது. எதை யோசித்தாலும் மீசைக்குப் போய் ஒரு தடவு தடவிவிட்டு வந்தே பழகிய கை. அதை இடது கையால் பிடித்து, சாப்பாட்டுப் பையின் மேல் அமுக்கி வைத்திருந்தார், திருவிழாக் கூட்டத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது போல. பையின் அடியிலிருந்து சோற்றின் சூடு தொடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் கிளம்பும்போது மனைவியிடம் என்ன சோறு என்று அவர் கேட்கவில்லை, கேட்கிற நேரமா அது, முகத்தை ஆட்டாதீங்க என்று குணவதி அதட்டிக்கொண்டிருந்தாள், அவள் மூச்சு கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது, கண்மைப் பென்சிலின் முனை மூக்குக்குக் கீழே ஜில்லென்று, கூச்சமாக, எறும்பு ஒன்று நின்று நின்று யோசித்து நடப்பதைப் போல ஊர்ந்தது. சிரிக்காதீங்க, கோணிக்கும். நான் எங்கடி சிரிக்கிறேன், நீதான் சிரிக்கிறே. அவள்தான் சிரித்தாள். அடிவயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். கர்ப்பப்பையை எடுத்துத் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதாம், சிரிப்பதற்கும் இருமுவதற்கும் அவளுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்தது இன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு மொட்டை போடலாம் என்று நினைத்தார், நினைத்தவுடன் பயந்தார், இனிமேல் இந்த மாதிரி எதையும் மனசுக்குள்கூடச் சொல்லக்கூடாது, சமயபுரத்தா காதில் விழுந்துவிட்டால் அதுவும் வேண்டுதலாகிவிடும். கண்ணாடியைக் கொடு, பார்க்கிறேன் என்றதற்கு அவள் கொடுக்கவில்லை. கண்ணாடி பாத்தா கை போகும், கை போனா கலையும், கிளம்புங்க, பஸ் போயிரும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

நடத்துனர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். "சாமி, எங்க?" மொட்டைத் தலையும் சந்தனமும் போட்டுக்கொண்டு மூன்று நாளாக ஊருக்கெல்லாம் சாமியாகிவிட்டார். "துவாக்குடி ஒண்ணு" என்றார், உதடு அசையாமல், பல்லுக்குள்ளிருந்தே. நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே முகத்தைக் குனிந்து பார்த்தார். "சமயபுரமா?" "ஆமாங்க." "தலை போயிருச்சு, மீசை மட்டும் தப்பிச்சிருச்சு போல." பின்சீட்டில் யாரோ கிளுக்கென்றார்கள். மாசிலாமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தப்பித்திருக்கலாம். அதுதானே விஷயமே. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அவர் சமயபுரத் தாயிடம் சொன்னது முடியைத்தான், தலைமுடியை. கண்டம் தாண்டி வரட்டும், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிற கட்டியில் ஒன்றும் இல்லை என்று சொல்லட்டும், முடி இறக்குகிறேன். மீசை பேச்சிலேயே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் ஈரத்தலையோடு குனிந்து உட்கார்ந்திருந்தபோது, கத்தியைப் பிடித்திருந்தவர் தாடையைத் தூக்கி, மீசை இருக்கட்டுமா என்று கேட்டார். அந்த நேரத்தில் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. மண்டபத் தூண் ஓரமாகக் குணவதி உயிரோடு உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாக நார் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஆரஞ்சுப் பழம் தின்பதைப் பார்த்து ஒரு மனுஷனுக்கு அழுகை வருமா. வந்தது. கொடுக்கிறதில் என்ன கஞ்சத்தனம் என்று தோன்றி, எல்லாத்தையும் எடுங்க என்று சொல்லிவிட்டார். இரண்டே இழுப்பு. திரும்பி வந்தவரைப் பார்த்து அவள் கையிலிருந்த சுளையைக் கீழே போட்டுவிட்டாள். "தாயி உங்க மீசையையா கேட்டா?" என்றாள். வழியெல்லாம் அவரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள், பக்கத்தில் யாரோ தெரியாத ஆள் உட்கார்ந்திருப்பது போல. போகட்டும், வளர்ந்துவிடும் என்றுதான் அவரும் நினைத்தார். மீசைக்கும் பிழைப்புக்கும் நடுவில் ஒரு மெஷின் நிற்கிறது என்பது அன்றைக்கு யாருக்கு ஞாபகம் வந்தது.

பாலத்தில் ஏறி இறங்கியதும் வண்டி குலுங்கியது, மூக்கு நுனியில் வியர்த்தது. வியர்க்கக்கூடாது என்று எப்படிச் சொல்வது, கையிடம் சொல்லலாம், வியர்வையிடம் சொல்ல முடியுமா. கைக்குட்டையை நாலாக மடித்து நெற்றியை மட்டும் ஒற்றினார். மெஷின் ஒன்றும் பெரிய மெஷின் இல்லை, ஸ்லேட்டை விடச் சின்னது, அவர் வேலை பார்க்கிற லாண்டரியின் வாசல் சுவரில் முக உயரத்துக்கு அறைந்து வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றால் முகத்தைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் விழும், ஒரு பெண் குரல் நன்றி என்று சொல்லும், கதவு திறக்கும். அது வந்த புதிதில் எல்லோருக்கும் விளையாட்டாக இருந்தது, நன்றி என்று கேட்பதற்காகவே தலைசீவி வந்தார்கள், கம்பெனியில் அதுவரை யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை. திங்கட்கிழமை அது நன்றி சொல்லவில்லை. முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயற்சிக்கவும் என்றது. தொப்பியைக் கழற்றினார். சந்தனத்தைத் துடைத்தார். மூன்று தடவைக்கு மேல் அது பார்க்காது. சூப்பர்வைசர் தினகரன் ஓடி வந்தான், நல்ல பையன், மகன் வயசு இருக்கும், மொட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "நீங்க உள்ள போங்கண்ணே, நான் மேல சொல்லிக்கிறேன்" என்றான். நாள் முழுக்க வேலை பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஆனால் மேலே அவர் வரவே இல்லை என்றுதான் ஏறியிருந்தது. "நான் என்னண்ணே பண்றது, சிஸ்டம் எடுக்கல." தினகரன் வருத்தத்தோடுதான் சொன்னான், அவனுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. "நாளைக்கும் விழலைன்னா உங்க நம்பர் தானா மூடிக்கும். அதனால ஒண்ணும் இல்லை, கவலைப்படாதீங்க. புது முகம் எடுத்துக்கலாம், அஞ்சு நிமிஷம்." புது முகம். அதைக் கேட்டு இவரும் நிம்மதியாகத் தலையை ஆட்டினார், முட்டாள், தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பிலோமினாவிடம் சந்தோஷமாக வேறு சொன்னார்.

பிலோமினாவும் அவரும் விரிப்பு மடிக்கிற ஜோடி. ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்காக வருகிற விரிப்புகள் வெந்து, காய்ந்து, கடைசியில் இவர்கள் கைக்கு வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர வேண்டும், இவர் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும், மறுபடி வர வேண்டும். கூரையில் காமிரா இருக்கிறது, நின்று பேசினால் மேலே தெரியும். அதனால் பேச்செல்லாம் தவணையில்தான், கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், தள்ளிப் போய்த் திரும்பி வரும்போது அடுத்தது. இப்படித்தான் அவள் தன் மகள் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்ட கதையை ஒரு வாரமாகச் சொல்லி முடித்தாள். இப்படித்தான் இவர் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். செவ்வாய்க்கிழமை, புது முகம் எடுக்கச் சொல்லிட்டான்ம்மா என்று இவர் கிட்டே வந்து சொன்னபோது அவள் பின்னால் போனாள். திரும்பி வந்து, "புது முகம்னா புது நம்பரு" என்றாள். போனாள். வந்தாள். "புது நம்பர்னா புது ஆளு." போனாள். மறுபடி வந்தாள். "வர்ற தையோட உங்களுக்கு அஞ்சு வருஷம் முடியுதுல்ல. கிராஜுவிட்டி வரணும்ல. நாளைக்குப் புதுசா சேந்தவராகிட்டா?" ரஹ்மத்துல்லா பாய்க்கு அதுதானே நடந்தது, கண்புரை எடுத்துச் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி வந்தார், மெஷினுக்கு ஆள் தெரியவில்லை, அஞ்சு நிமிஷத்தில் புது முகம் எடுத்துக்கொடுத்தார்கள். விலகும்போது போய்க் கேட்டால், நீங்க சேந்தே எட்டு மாசம்தானே ஆகுதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது பாய் என்றார்கள். யாரும் அவரை ஏமாற்றவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரவைத்துக் காபி கொடுத்தார்களாம்.

அதுதான் நெஞ்சில் மாட்டிக்கொண்ட முள். யார்மேல் கோபப்படுவது. முன்னே இருந்த சூப்பர்வைசர் கொடுமைக்காரன், கால் மணி தாமதத்துக்கு அரை நாளை வெட்டுவான், ஆனால் அவன் முகத்துக்கு நேராக, ஏன்டா இப்படிப் பண்றே என்று ஒருநாள் பிலோமினா கேட்டாள், அவன் தலை குனிந்தது. ஸ்லேட்டுக்கு எது தலை. தினகரனைக் கேட்டால் சிஸ்டம் என்பான், சிஸ்டத்தைக் கேட்க வேண்டுமானால் சென்னைக்குப் போக வேண்டுமோ பெங்களூருக்குப் போக வேண்டுமோ, அங்கே போனாலும் இதே போல ஒரு நல்ல பையன் நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் என்னங்க பண்றது என்பான். அப்படியானால் நான் செய்வது சரிதானா என்று மாசிலாமணி தன்னைக் கேட்டுக்கொண்டார், பொய் மீசை வரைந்துகொண்டு போவது ஏமாற்று இல்லையா. நான் நான்தான் என்று சொல்வதற்கு நான் வேஷம் கட்ட வேண்டுமா. வேஷம் கட்டினால் நம்பும், கட்டாவிட்டால் நம்பாது என்றால் ஏமாற்று யார் பக்கம். ஆனாலும் நான் என்பது என்ன. மூன்று நாளாகக் குளியலறையில் கண்ணாடி பார்க்கும்போது அவருக்கே ஒரு நொடி திடுக்கென்றது, அப்பாவுக்குக் கருமாதி அன்று மழித்த முகம் அங்கே நின்றது. கட்டினவளே சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள், மெஷினை என்ன சொல்ல. இல்லை, இல்லை, அது வேறு, அவள் அன்று ராத்திரி தூக்கத்தில் புரண்டு எப்போதும் போலத்தான் அவர் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள், இருட்டில் மீசையா தெரியும். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்த ஆஸ்பத்திரி மூட்டை வந்தாலே இவர் கை நின்றுவிடும். ஓரத்தில் நீலத் தையல் போட்ட விரிப்புகள். இதில் எது அவள் கிடந்தது. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே சூடு, ஒரே மருந்து வாசனை. எது என்று தெரியாததால் அந்த வாரம் நீலத் தையல் விரிப்பு எல்லாவற்றையும் ஒரு சுருக்கம் இல்லாமல், அவள் முதுகு நோகாதபடி மடித்தார். பிலோமினா கவனித்திருக்க வேண்டும். அவளும் நடையைக் குறைத்துக்கொண்டாள். மேலே யாரோ, ஏன் இந்த ஜோடி மெதுவாக மடிக்கிறது என்று காமிராவில் பார்த்துக் கேட்டிருக்கலாம். மெதுவுக்கு அதில் காரணம் எழுத இடம் இருக்காது.

அரியமங்கலத்தில் குப்பை மேட்டு வாடை உள்ளே புகுந்தது, எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள், மாசிலாமணி மட்டும் பொத்தாமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார், பொத்தினால் கலையும். எதிர்சீட்டில் அம்மா மடியில் இருந்த குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் கொட்டாமல் பார்த்தது, மேலுதட்டைத்தான் பார்த்தது, பிறகு தன் விரலைத் தூக்கித் தன் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டது. அவ்வளவு அப்பட்டமாகவா இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார், திரையை எரியவிடாமல் சாய்த்துப் பிடித்தார், கறுப்புக் கண்ணாடியில் ஒரு மொட்டைத் தலை ஆடியது, வண்டி நின்றபோது ஆடாமல் நின்றது. பார்த்தார். முதலில் யாரோ போல இருந்தது. பிறகு யார் என்று தெரிந்தது. சன்னமாகக் கத்தரித்து, பாதி நரைத்து, உதட்டோடு ஒட்டிக் கிடந்த மீசை அது இல்லை, மெஷின் வந்த அன்று படம் பிடித்துக்கொண்ட மீசை அது இல்லை. அடர்ந்து, கரேலென்று, இரண்டு முனையும் கொஞ்சம் மேலே பார்த்து வளைந்து, வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற கல்யாணப் படத்து மீசை. பெண் பார்க்கப் போனபோது இருந்த மீசை. அந்த மீசைக்காகத்தான் சரின்னேன், மத்தபடி உங்ககிட்ட என்ன இருந்துச்சு என்று அவள் நூறு தடவை சொன்ன மீசை. அடிப் பைத்தியக்காரி. எதைப் பார்த்து வரைந்தாள், என் முகத்தைப் பார்த்துத்தானே வரைந்தாள், இவ்வளவு கிட்டே, மூச்சு படுகிற தூரத்தில். அவளுக்கு அங்கே இதுதான் தெரிந்திருக்கிறது. முப்பது வருஷமாக அவள் காபி கொடுத்ததும் சண்டை போட்டதும் இந்த முகத்தோடுதானா. நடுவில் நரைத்ததும் சன்னமானதும் அவளுக்குத் தெரியவே இல்லையா. குழந்தை இன்னும் விரலை எடுக்கவில்லை. மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் கோணும், கண்ணில் தண்ணீர் வந்தது, அது வழிந்தால் இன்னும் மோசம்.

காட்டூரில் பிலோமினா ஏறினாள். டிபன் கூடையை முன்னால் விட்டுக்கொண்டு வந்தவள் அவரைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவது அவர் தோளுக்குத் தெரிந்தது. "சிரிச்சு முடிச்சிரும்மா" என்றார். "யாருண்ணே வரைஞ்சது?" "உங்க அண்ணிதான்." "யானை தந்தம் மாதிரி ரெண்டு பக்கமும் தூக்கி விட்டுருக்காங்க." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, மடிக்க வந்த விரிப்பில் கறை பார்க்கிற கண்ணோடு அவர் முகத்தைப் பார்த்தாள். "இது நடக்காதுண்ணே. இது உங்க மீசையே இல்லை. நம்ம ஜோடி சேந்த நாள்லேருந்து நான் பாக்கற மீசை எனக்குத் தெரியாதா, பல்லு விளக்குற பிரஷ்ஷு தேஞ்ச மாதிரி இருக்கும். மெஷினுக்குள்ள இருக்கிறதும் அதான்." "தெரியும். இப்பத்தான் பாத்தேன்." அவள் கூடையைத் துழாவி ஒரு கண்மைப் பென்சிலை எடுத்தாள். "என் மக விட்டுட்டுப் போனது. கைக்குட்டைய நனைங்க, பாதியத் துடைச்சிட்டுச் சன்னமா நான் போட்டு விடறேன். திருவெறும்பூர் தாண்டறதுக்குள்ள முடிச்சிரலாம்." அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையின் முனையை நனைத்தார். சரிதான். நம்பர் மூடினால் தை மாசம் இல்லை, அஞ்சு வருஷம் இல்லை, ரஹ்மத்துல்லா பாய் மாதிரி காபி குடித்துவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். குணவதிக்கு மாத்திரை இன்னும் எத்தனை மாசமோ. ஒரு துடைப்பு, அவ்வளவுதான். கைக்குட்டை மூக்குக்குக் கீழே போய் நின்றது, ஈரத்தின் குளிர்ச்சி தோலில் தெரிந்தது, தொடவில்லை. முகத்தை ஆட்டாதீங்க. கோணிக்கும். அடிவயிற்றில் ஒரு கை. மற்றக் கையின் விரல் இடுக்கிலெல்லாம் கண்மை. இதைத் துடைத்துவிட்டு அந்த மெஷின் வைத்திருக்கிற நரைமீசைக்காரனாக உள்ளே போகலாம், அது நன்றி என்று சொல்லும். அது சொல்கிற நன்றியை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், நீ போட்டதைத் துடைச்சிட்டேன் என்று எப்படிச் சொல்வது. சொல்லாமலும் இருக்கலாம். அவள் கேட்பாள். என்ன மாதிரி மனுஷன் நான், சோறு போடுகிற நம்பரை ஒரு கோட்டுக்காக விடலாமா. விடக்கூடாது. ஆனால் துடைக்காமலே கை இறங்கிவிட்டது. கைக்குட்டை மடியில் கிடந்து வேட்டியை நனைத்தது. பிலோமினா அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பென்சிலைக் கூடைக்குள் போட்டாள். திருவெறும்பூர் தாண்டிய பிறகு, "மெஷின்கிட்ட எனக்கு முன்னாடி நில்லுங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். "எப்பவும் போலக் கடைசியில போய் நிக்காதீங்க."

வாசலில் வரிசை இருந்தது. பிலோமினா அவர் முதுகில் விரலை வைத்துத் தள்ளித் தள்ளி எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள், போகிற வழியில் ஒவ்வொருவர் காதிலும் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள், மீசையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே கொதிகலன் இரைகிற சத்தம் கேட்டது, வாசலில் இரவு வந்த மூட்டைகள் குவிந்து கிடந்தன, பத்து மணிக்குள் முதல் வண்டி கிளம்ப வேண்டும். பச்சை வட்டம் அவர் முகத்தைத் தேடியது. தெரியுமா. என்னைத் தெரியுமா உனக்கு. முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயற்சிக்கவும். இரண்டாவது தடவை கண்ணைப் பெரிதாக விழித்தார். மூன்றாவது தடவை ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றார், குணவதி முன்னால் நிற்பது போல. பொருந்தவில்லை. தினகரன் வந்து எட்டிப் பார்த்தான், மீசையில் அவன் கண் நின்றது, வாய் ஒரு பக்கம் இழுத்தது, அடக்கிக்கொண்டான். "அண்ணே, நேத்து இது இல்லையே." "ஒரே ராத்திரியில வளந்திருச்சு தம்பி, சமயபுரத்தா மகிமை" என்றாள் பிலோமினா. "சரி விடுங்கண்ணே. நான்தான் சொன்னேனே, சாயங்காலம் புது முகம் எடுத்திரலாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்." தள்ளி நின்றார். அவ்வளவுதான், முடிந்தது, துடைத்திருக்கலாம், ஒரு துடைப்பு, என்ன மாதிரி மனுஷன். அடுத்து பிலோமினா நின்றாள். மூச்சை இழுத்து இரண்டு கன்னத்தையும் பூரி போல உப்ப வைத்துக்கொண்டாள். முகம் பொருந்தவில்லை. "என்னக்கா பண்றீங்க?" "பல்வலிப்பா. வீங்கிருச்சு." மூன்று தடவையும் உப்பிவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்தது இஸ்திரிப் பிரிவு ராசாக்கிளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாயைக் கோணிக்கொண்டாள். பொருந்தவில்லை. "எனக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சு போல" என்று சொல்லிவிட்டு அவளும் இந்தப் பக்கம் வந்தாள். அடுத்து கொதிகலன் அய்யாவு, எல்லோரையும் விட மூத்தவர், யாரோடும் பேசாதவர். மெஷின் முன்னால் போய் நின்று, நிதானமாக வாயில் கையை விட்டு மேல்பல்செட்டைக் கழற்றினார், கீழ்ப்பல்செட்டைக் கழற்றினார், இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். குழிந்துபோன வாயோடு அவரை மெஷினுக்கு எங்கே தெரியும். வரிசை முழுக்கக் கொல்லென்றது. தினகரன் சிரிக்கவா திட்டவா என்று தெரியாமல் நின்றான். அதற்கப்புறம் நாக்கை நீட்டினார்கள், துண்டால் முக்காடு போட்டார்கள், மூக்கைச் சப்பையாக அமுக்கிக்கொண்டார்கள், அந்தக் குரல் சலிக்காமல் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. மாசிலாமணி பார்த்துக்கொண்டே நின்றார். அஞ்சு வருஷமாகப் பார்க்கிற முகங்கள், இவ்வளவு விதமாக இருக்குமா அவை.

தினகரனின் செல்போன் அடித்தது. மேலேயிருந்துதான். அவன் ஒதுங்கிப் போய்ப் பேசினான், முதுகு வளைந்திருந்தது, பாவம், அவன் முகத்தையும் எங்கோ ஒரு மெஷின் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். "சார், மெஷின் எடுக்கல சார். ஒருத்தரையும் எடுக்கல. ஆமா சார், அத்தனை பேரும் வந்திருக்காங்க, எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க." திரும்பி அவர்களைப் பார்த்தான். அய்யாவு பல்செட்டை மூடிய கையோடு நின்றார். தினகரன் கீழே பார்த்தான். வேறு என்னவோ சொல்லப்போகிறான், இவங்க பண்றாங்க சார் என்று சொல்லிவிடுவான் என்று மாசிலாமணி நினைத்தார். "மெஷின் கோளாறுதான் சார்" என்றான் அவன். கேட்டுக்கொண்டான். "சரி சார். இன்னிக்குக் கோளாறுன்னு போட்டுட்டா எந்த நம்பரும் மூடாது இல்லையா சார். சரி சார்." செல்போனைப் பையில் போட்டுவிட்டு, மேஜையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வந்தான். முகம் சிவந்திருந்தது. "வரிசையா வாங்க. கையால எழுதிக்கச் சொல்லிட்டாங்க." பிலோமினா மறுபடி அவர் முதுகில் விரலை வைத்தாள். தினகரன் தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தான், மொட்டையை, மீசையை, கண்ணை. "பேர் சொல்லுங்கண்ணே." தெரியாதா இவனுக்கு. தெரியும். தெரிந்துதான் கேட்கிறான். "மாசிலாமணி" என்றார், உதட்டை அசைத்து, நன்றாக வாய்திறந்து.

விரிப்பு சூடாக வந்தது, ஓரத்தில் நீலத் தையல். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறினார்கள். இன்றைக்குத் தப்பியது, நாளைக்கு அந்த ஸ்லேட்டைச் சரிபார்க்க ஆள் வரும், ஆள் வந்தால் கோளாறு இல்லை என்பான், தினமும் கன்னத்தை உப்ப வைக்க முடியுமா, லேபர் ஆபீசுக்கு எழுதிப் போடலாம் என்று பிலோமினா ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறாள், அய்யாவுகூட வருகிறேன் என்று தலையாட்டியிருக்கிறார், அதற்குள் முடி கொஞ்சம் முளைத்துவிடாதா. கை தன்னால் மேலே போயிற்று. மேலுதட்டைத் தடவிவிட்டு இறங்கியபோது விரலில் கறுப்பு இருந்தது. அந்த விரலை மட்டும் மடக்கிக்கொண்டு, விரிப்பில் படாமல் பிடித்து நடந்து வந்தார். கிட்டே வந்தபோது பிலோமினா சொன்னாள், "நாளைக்காவது சன்னமா வரையச் சொல்லுங்கண்ணே. கொஞ்சம் நரையும் விட்டு." முனையை அவள் கையில் கொடுத்தார், மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார், அந்தக் கோடிவரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். "சொல்லிப் பாக்கறேன்" என்றார். "கேக்க மாட்டா."